முறுவலுக்குப் பின்னே

இல்லறத்தின் இன்னலைப் புன்னகையால் மறைக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மதுரைப் புறத்தே ஆயர் சேரியில் கோவலனுக்கு அமுதிட்ட பின்னர்க் கண்ணகி கூறும் மறுமொழியை நாம் வகுப்பில் நடத்தி வருகிறோம். மாமன் மாமியர்முன் நோயை உள்ளே ஒளித்து முறுவலித்ததையும், அம்முறுவலே தன்னைக் காட்டிக்கொடுக்க அவர்கள் உள்ளம் வருந்தியதையும் அவள் உரைக்கிறாள். மாணவர் இதனைக் கற்பின் மாண்பு என எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். முதியோர் கண்டுகொண்டனர் என்பதையோ, கண்டும் வருந்தியதோடு அமைந்தனர் என்பதையோ எவரும் எழுதக் காணோம்.

விருந்தோம்பும் பேற்றை இழந்தேன் என்றும் கண்ணகி வருந்தினாள். இன்றைய நடுத்தரக் குடும்பங்கள் சிலவற்றில் விருந்து மட்டுமே எஞ்சியுள்ளது! பெருநாளன்று கணவனும் மனைவியும் அருகருகே நின்று பரிமாறுவர். அழைப்பிதழில் இருவர் பெயரும் இணைந்தே அச்சாகும். நிக்காஹ் வீட்டிற்கு ஒரே ஸ்கூட்டரில் சென்று இறங்குவர். கதவடைத்த பின்னரோ, "அத்தாவிடம் கரண்ட் பில் கட்டச் சொல்", "அம்மாவிடம் சாவி எங்கே என்று கேள்" எனப் பத்து வயதுப் பிள்ளை தூது நடக்கும். தூதிலக்கியம் கற்பிக்கும் நமக்கு இத்தூது சுவைக்கவில்லை.

ஏழையர் பூசல் தெருவறியும். ஆகவே தெருவே வந்து விலக்கும். நடுத்தரத்தார்க்கோ வீட்டுக்கடன் இருவர் சம்பளத்தில் நிற்கிறது. மகளுக்கு வரன் அமையும்வரை பொறுப்போம் என்னும் எண்ணம் வாயைக் கட்டுகிறது.

பிளவு நேருமென அஞ்சினால் கணவன் குடும்பத்தில் ஒருவரையும் மனைவி குடும்பத்தில் ஒருவரையும் நடுவராக அமைக்குமாறு திருக்குர்ஆன் (4:35) பணிக்கிறது. 'அஞ்சினால்' என்பது கருதத்தக்கது. நாம் கண்டவரை, பிரிவுக் கடிதம் ஜமாஅத்திற்கு வந்த பின்னரே நடுவரைத் தேடுகிறோம். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் இணக்கம் காண முயலுமாறு கூறுகிறது. எனினும் வழக்கு வந்தாலன்றி நீதிமன்றம் என் செய்யும்?

பிறர் வீட்டில் தலையிடுதல் பண்பன்று என்பர் சிலர். கூடத்தில் அமர்ந்து குற்றம் ஆராயுமாறு நாம் கூறவில்லை. பெரியவர் ஒருவர் கணவனிடமும், மூதாட்டி ஒருவர் மனைவியிடமும் தனித்தனியே வினவலாம். விடையைத் தம்மோடு வைத்துக்கொள்ளலாம். கூடி வாழ்தலே முடிவாக வேண்டும் என்பதுமில்லை. மனைவி கேட்டுப் பெறும் குலாவும் மார்க்கம் தந்த வழியே. அவ்வழி நாடி வரும் பெண்ணை, "பிள்ளைகளை எண்ணிப் பார்" என ஒரே சொல்லில் திருப்பியனுப்பி மாதக்கணக்கில் அலையவிடும் வழக்கத்தை நம் பெரியோர் கைவிட வேண்டும்.