வீணையை விற்க வேண்டாம்

சென்ற வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று எம்மை வெகுநேரம் சிந்திக்கச் செய்தது. எழுதியவர் வடமராட்சிப் பகுதியைச் சேர்ந்த சகோதரி ஒருவர். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த அவருடைய மகனுக்குச் சங்கீதத்தில் அளவிறந்த பற்று. வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவுக்கூடமாக்கித் தானே பாடித் தானே பதிவுசெய்ய விரும்புகின்றான். அதற்குரிய கணினியை உறுப்புறுப்பாக வாங்கித் தன் கையாலேயே பூட்டப் போகின்றானாம். பணம் போதவில்லை. “அம்மா, நீங்கள் வாசியாமல் வைத்திருக்கும் வீணையை விற்றால் என்ன?” என்று கேட்டுவிட்டான். பன்னிரண்டு வயதிலே தந்தையார் வாங்கிக் கொடுத்த வீணை அது. “மகனுடைய முன்னேற்றத்துக்குத் தடையாக நிற்கவும் மனமில்லை; வீணையைப் பிரியவும் மனமில்லை. நான் செய்யத்தக்கது யாது?” என வினவுகின்றார் சகோதரி. மகன் எழுதிய பொருட்பட்டியலையும் கடிதத்துடன் இணைத்திருக்கின்றார்.

பட்டியலை வாசித்தோம். அதிலே மிகக் கூடிய விலையுடைய பொருள் கிராபிக்ஸ் அட்டை. கணினியில் விளையாடுவோர்க்கும் திரைப்படம் தொகுப்போர்க்கும் அஃது இன்றியமையாதது. சங்கீதம் பதிவுசெய்வோர்க்கோ அதனால் ஆகும் பயன் மிகச் சொற்பம். திரையில் எழுத்தும் கோடும் தோன்றுவதற்குச் செயலியினுள்ளேயே அமைந்துள்ள சித்திர உறுப்புப் போதுமானது. சில செயலிகளில் அவ்வுறுப்பு இராது. ஆதலால் வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். விளையாட்டுப் பிரியரான நண்பர் எவருடைய பட்டியலையோ தம்பி பார்த்து எழுதியிருத்தல் கூடும். அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் வீணை வீட்டிலேயே இருக்கும்.

நிற்க, தம்பியின் ஆவலை நாம் குறைத்து மதிக்கவில்லை. 1957 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மாக்ஸ் மத்தியூஸ் என்பவர் எழுதிய நிரலைக் கொண்டு ஐ.பி.எம். 704 என்னும் பெருங்கணினி 17 செக்கன் நேர இசையைப் பிறப்பித்தது. அறையை நிறைத்து நின்ற அவ்வியந்திரத்தினாலும் ஆகாத காரியங்களை இன்று மேசைக்குக் கீழே அடங்கும் ஒரு பெட்டி செய்கின்றது. ஆயின் அப்பெட்டிக்குள் எவற்றை வைப்பது என்பதை அறிந்து வைத்தல் வேண்டும்.

குரலோ வீணையோ ஒலிவாங்கியில் விழும்போது மின்னலையாக மாறுகின்றது. அவ்வலையைச் செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்கித் தருவது ஒலி இடைமுகக் கருவி. கடைகளில் ஓடியோ இன்ரபேஸ் என்று கேட்டால் தருவார்கள். மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கவல்லது. அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் ஒலி குறைவின்றிக் கிடைக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. கணினியோடு வரும் ஒலித்துளைகள் பாட்டுக் கேட்பதற்கு உதவும். நல்ல ஒலிவாங்கியைப் பூட்டுவதற்கு உதவா. ஆதலால், கிராபிக்ஸ் அட்டைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இக்கருவிக்கும் ஒலிவாங்கிக்கும் செலவிடுதல் அறிவுடைமையாகும்.

இனிச் செயலியின் கடமையைப் பார்ப்போம். எண்களாகிய ஒலியைக் கணினி சிறுசிறு பொதிகளாக வாங்கிப் பதனிட்டுத் திருப்பி அனுப்புகின்றது. பொதி ஒன்றில் 1024 அளவுகள் இருப்பின் அது நிரம்புவதற்கே 21 மில்லிசெக்கன் செல்லும். அந்நேரத்தில் ஒலி காற்றிலே ஏறத்தாழ 7 மீற்றர் சென்றுவிடும். பாடுபவர் தம் குரலைக் கணினி வழியாகக் காதணியிற் கேட்கும்போது, 7 மீற்றருக்கு அப்பால் நின்று யாரோ பாடுவது போலத் தோன்றும். போகும் வழிக்கும் வரும் வழிக்குமாக இத்தாமதம் இன்னும் கூடும். தாளம் தடுமாறாதிருக்குமா? பொதியை 128 அளவுகளாகக் குறைத்தால் தாமதம் 3 மில்லிசெக்கனுக்கும் உட்படும். ஆயின் ஒவ்வொரு பொதியையும் அச்சிறு நேரத்துக்குள் செயலி முடித்தாக வேண்டும். முடியாதுபோனால் ஒலியிலே பொரிவது போன்ற வெடிப்புகள் கேட்கும். எனவே செயலியில் எத்தனை கருக்கள் உண்டு என்பதை மட்டும் பாராது, ஒரு கருவின் வேகம் எத்தகையது என்பதையும் பார்த்து வாங்குக.

நினைவகம் 16 கிகாபைற்று இருந்தால் குரலுக்கும் வீணைக்கும் தாராளம். மேனாட்டு வாத்தியக் குழுவின் ஒலிகளையெல்லாம் கணினிக்குள்ளிருந்தே எழுப்ப விரும்புவோர்க்கு 32 வேண்டும். ஒரு குரலை 24 பிற்று அளவில் ஒரு மணித்தியாலம் பதிவுசெய்தால் ஏறத்தாழ 520 மெகாபைற்று இடமே பிடிக்கும். ஆகவே பதிவுத்தட்டு மிகப் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. தட்டாக இருத்தல் நன்று. அது சத்தமிடாது.

சத்தம் என்றதும் எமது சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. நாம் முதன்முதல் பூட்டிய கணினிக்கு மலிவான கூடொன்றை வாங்கினோம். அதிலிருந்த சிறிய மின்விசிறி பேய்வேகத்திற் சுழன்றது. நண்பர் ஒருவர் புல்லாங்குழலில் ஆலாபனை செய்தார். அறையில் இருந்தோர் உருகினர். பதிவைத் திருப்பிக் கேட்டபோது, அவர் மூச்செடுத்த இடங்களிலெல்லாம் விசிறியின் இரைச்சலே மேலோங்கி நின்றது. நண்பர் ஒன்றும் கூறாது குழலை உறையிலிட்டார். நாம் வெட்கிப்போனோம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும். 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறிகளைத் தேர்ந்துகொள்க. பெட்டியை ஒலிவாங்கி நிற்கும் மேசையில் வையாது, அதன் முதுகுப்புறமாகச் சற்றுத் தூரத்தில் வைக்க. வீணையின் நாதம் மெலிந்து மெலிந்து மறைவது. அந்த முடிவைக் கேட்பதற்கே அமைதி வேண்டும்.

பூட்டும் வேலை கடினமன்று; பொறுமையே வேண்டும். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிவிட்டு, உடலிலுள்ள நிலைமின் நீங்கும்படி கூட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டபின் உறுப்புகளைக் கையிலெடுக்கவேண்டும். தாய்ப்பலகை கூட்டின் தகட்டில் நேரே படாதவாறு சிறு தாங்கிகளின் மேல் அதனை இருத்துதல் வேண்டும். செயலியின் மேற் பொருத்தும் குளிர்த்தியின் அடியில் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருப்பின் அதனை உரிக்க மறவாதீர்கள். செயலிக்கென்று தனியான மின்வடம் உண்டு. அதனைச் செருக மறந்தால் விசிறி சுழலும். திரை இருண்டே கிடக்கும். நாம் அவ்வாறு ஓரிரவு முழுவதும் விழித்திருந்ததுண்டு.

எமது நாட்டு மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஆம் ஆண்டு மணிக்கணக்காக மின்வெட்டு ஏற்பட்டதை எவரும் மறந்திரார். பதிவின் நடுவே மின் நின்றால் பாட்டும் போகும், தட்டும் பழுதுறலாம். ஆதலால் யு.பி.எஸ். ஒன்று அவசியம். புவித்தொடுப்பும் சரியாக இருத்தல் வேண்டும். இல்லையேல் எமது மின்சாரத்தின் 50 அதிர்வு முரற்சி, வண்டு போலப் பதிவினுள் புகுந்துவிடும். பதிந்தவற்றை ஒரே தட்டில் வைத்து உறங்கிவிடாதீர்கள். மூன்று பிரதிகள் எடுத்து அவற்றுள் ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பது உத்தமம்.

சகோதரிக்கு ஒன்று கூறுவோம். மகன் கேட்டது அறியாமையினால், அன்பின்மையால் அன்று. அவன் தன் கையால் ஒரு கருவியைப் பூட்ட முனைவது மகிழத்தக்கதே. தம்பிக்கும் ஒன்று கூறுவோம். நீர் வாங்கும் செயலி சில வருடங்களிற் பழையதாகிவிடும். அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவீர். பலாமரத்திற் குடைந்த அந்த வீணைக்கு அத்தகைய முதுமை இல்லை. விற்றபின் அதேபோன்றதொன்றை வாங்கலாம். அதையே திரும்ப வாங்க இயலாது. கணினி பாட்டைக் காக்கும் பெட்டகமேயன்றிப் பாட்டின் ஊற்று அன்று.

கணினியைப் பூட்டி முடித்த அன்று உமது குரலை முதலிற் பதிய வேண்டாம். வீணைக்குப் புதுத் தந்தி வாங்கிக் கொடுத்து, அன்னையாரை ஒலிவாங்கியின் முன் அமரச் செய்யும். கை பழகச் சில நாட்கள் செல்லலாம், காத்திருந்து பதிவுசெய்யும். அப்பதிவு கைக்கு வந்ததும் எமக்கும் ஒரு கடிதம் எழுதும்.