நல்ல கிடா முதலில் விற்றுப்போகிறது

ஆடு வளர்ப்பு பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது எண்ணிக்கைதான். எத்தனை ஆடு, எத்தனை குட்டி, எத்தனை மாதத்தில் இரட்டிப்பு! அந்த ஆடுகளுக்கு எந்தக் கிடா சேர்ந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பட்டுத்தறிக்குப் பெயர் போன இடம். நெசவுக் குடும்பத்துக்குக் கூலி மாதச் சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வராது. சேலை முடிந்தால்தான் காசு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் அதுவும் நின்றுபோகும். அப்படிப்பட்ட வீட்டுக்கும் சரி, ஊரைத் தாண்டியிருக்கும் கிராமங்களில் வயல் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கும் சரி, கொல்லையில் நாலு வெள்ளாடு நின்றால் அது வங்கிக் கணக்குக்குச் சமம். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று. படிவம் நிரப்ப வேண்டாம், மேனேஜர் முன்னால் நிற்க வேண்டாம்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், இந்தக் கணக்கிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதில்தான். பணம் அவசரமாகத் தேவைப்படும்போது வியாபாரி வருகிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். இருப்பதிலேயே வாட்டசாட்டமான கிடாக்குட்டியைக் காட்டுகிறார். விலையும் அதற்குத்தான் கிடைக்கும். ஆடி மாதக் கோயில் திருவிழாவானாலும் பக்ரீத் ஆனாலும் அதேதான். சீக்கிரம் வளர்ந்த குட்டி சீக்கிரம் போய்விடுகிறது. வளராத சோப்ளாங்கிக் குட்டியை யாரும் கேட்பதில்லை, அது மந்தையிலேயே நிற்கிறது. ஆறு மாதம் ஆனதும் பருவத்துக்கு வருகிற பெட்டைகளோடு சேருவது அதுதான். அக்காவும் அம்மாவும்கூட அதில் அடக்கம். அடுத்த தலைமுறைக்கு அப்பா யார் என்று பார்த்தால், சந்தையில் விலை போகாத ஒன்று!

கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால் இது மூலதனத்தை விற்றுவிட்டு வருமானம் என்று எழுதுவது. ஒரு கம்பெனி இப்படிச் செய்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் பிறந்த நாளில், கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நாலு ஆடு இலவசமாகத் தரும் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. பிறகு 2021-22ல் கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்கு ஆளுக்கு ஐந்து ஆடு என்று ரூ.75.63 கோடியில் இன்னொரு திட்டம். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 19,500 ரூபாய் வருகிறது. இன்னொரு பக்கம் மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் பெரிய பண்ணைகளுக்கு 50 சதவீத மானியம் தருகிறது. அங்கே சின்ன அளவே 100 பெட்டை, 5 கிடா. பெரியது 500 பெட்டை, 25 கிடா.

அந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்த அளவாக இருந்தாலும் 20 பெட்டைக்கு ஒரு கிடா! பெரிய பண்ணைக்காரருக்குக் கிடாவும் கணக்கிலேயே வந்துவிடுகிறது. ஐந்து பெட்டை வைத்திருக்கிற அம்மாவுக்கு? தனியாகக் கிடா வாங்கினால் கட்டுப்படியாகாது. வாங்காவிட்டால் தெருவில் திரிகிற ஏதோ ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், நல்ல பராமரிப்பில் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. ஐந்து பெட்டைக்கு 15 ஈற்று. சில சமயம் ஒற்றை, சில சமயம் இரட்டை, நடுவில் சாவு என்று எல்லாம் போக 20 குட்டி தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கிடா சேர்ந்ததால் விற்கும்போது குட்டிக்கு இரண்டு கிலோ கூடினால், உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்ற விலையில், 16,000 ரூபாய். இலவச ஆட்டுக்கு அரசு செலவழித்த தொகையை இது கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து 15,000 ரூபாய்க்கு ஒரு தரமான கிடா வாங்கினால் வீட்டுக்கு 3,000 ரூபாய்தான். இரண்டு வருடம் கழித்து அதை அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொண்டால் ரத்த உறவில் இனம் சேருகிற பிரச்சினையும் குறையும்.

அதற்காக யூடியூபைப் பார்த்துவிட்டு போயர், ஜமுனாபாரி என்று ஓட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பெயர் பெற்ற வெள்ளாட்டினங்களான கன்னியும் கொடியும் தென்மாவட்டத்துக்காரை, சேலம் கருப்பு மேற்கே. காஞ்சிபுரம் பக்கத்துக்கு உரியது மெட்ராஸ் ரெட் செம்மறிதான். இங்கே வெள்ளாடு எல்லாம் கலப்பு. ஆனால் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிற காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தலச்சேரி ஆடு அங்கே வளர்க்கிறார்கள். எந்த மாதிரிக் கிடா எடுப்பது என்று கேட்க அதைவிடக் கிட்டத்தில் இடம் வேண்டுமா?

பொதுக் கிடா என்றால் யார் தீனி போடுவது, செத்தால் யார் நஷ்டம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற ஊர் எது? பட்டுக் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற ஊர்! நூலையும் சரிகையையும் பங்கு போட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு கிடாவின் தீவனக் கணக்கு எழுதத் தெரியாதா? ஒரு வீட்டில் கட்டி வைத்து, பெட்டையைக் கொண்டுவருகிறவரிடம் ஒரு சின்னத் தொகை வாங்கினால் அகத்தித் தழைக்கும் தவிட்டுக்கும் ஆகிவிடும். இன்ஷூரன்ஸும் எடுக்கலாம்.

கஷ்டமான பகுதி வேறு. மற்ற கிடாக்குட்டிகளுக்கு எல்லாம் மூன்று, நாலு மாதத்திலேயே காயடித்துவிட வேண்டும். ஒன்றை விட்டாலும் பொதுக் கிடாவுக்குப் போட்ட காசு வீண். காயடித்த கிடா கறிக்கு நன்றாகவே விலை போகும், கால்நடை மருந்தகத்தில் செய்து தருவார்கள். ஆனாலும் "பாவம், குட்டி" என்று தள்ளிப்போடுகிற வீடு ஐந்தில் ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது 15,000 ரூபாய் திரட்டுவதைவிடப் பெரிய வேலை. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடச் சொல்லும்போதும் கடைசியாக வருவது பெரும்பாலும் அதே வீடுதான்!