தி.நகரில் ஐந்து நாள், கொட்டிவாக்கத்தில் ஒரு மாதம்

2017 அக்டோபரில் தி.நகர் ஹபிபுல்லா சாலை திடீரென்று செய்தியில் அடிபட்டது. பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து பரோலில் வந்த, சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்ற வி.கே.சசிகலா அங்கே உறவினர் வீட்டில் தங்கினார். கணவர் நடராசன் உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து பெரும்பாக்கம் மருத்துவமனையில் இருந்தார். சசிகலா கேட்டது 15 நாள், கிடைத்தது ஐந்து. அரசியல் கூடாது, செய்தியாளர் சந்திப்பு கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். கெடு முடிந்ததும் சிறைக்குத் திரும்பினார். அடுத்த மார்ச்சில் கணவர் காலமானபோது 15 நாள் கிடைத்தது. அப்போது கெடு முடியும் முன்பே போய்விட்டார்.

இதில் யாரும் குறை சொல்ல முடியாது. உறுத்துவது வேறொன்று.

அதே 2017 ஆகஸ்டில்தான், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன், நோயுற்ற தந்தையைப் பார்க்க ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தார். 1991 ஜூனில் கைதானவருக்கு அதுதான் முதல் பரோல். சசிகலாவோ சிறைக்குப் போய் எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வழக்கு வேறு, மாநிலம் வேறு, விதியும் வேறு என்பது சரிதான். அதற்காக 26 ஆண்டுகளா?

தமிழ்நாட்டில் பரோலுக்கு 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. மற்றபடி சாதாரண விடுப்பு. காகிதத்தில் குறையில்லை. நன்னடத்தை அலுவலர் அறிக்கை, காவல் நிலைய அறிக்கை என்று கோப்பு நகர்வதில்தான் சிக்கல். சாவு வீட்டுக்குக் கேட்ட விடுப்பு காரியம் முடிந்தபிறகு கிடைத்து என்ன பயன்? வசதியுள்ளவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். பேரறிவாளனின் வழக்கிலேயே தண்டனை பெற்ற நளினி 2019-இல் மகளின் திருமண ஏற்பாட்டுக்காக ஆறு மாத விடுப்புக் கேட்டு அங்கே தானே நேரில் வாதாடித்தான் ஒரு மாதம் வாங்கினார்.

வெளியே விட்டால் ஓடிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 2022 மார்ச்சில் பேரறிவாளனுக்கு ஜாமீன் தந்தபோது, பரோல் நாள்களில் அவர்மீது புகார் ஏதும் இல்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இன்னொரு கதை இதைவிட விசித்திரமானது. அதே வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ராபர்ட் பயஸ், மகனின் திருமண ஏற்பாட்டுக்காக 2019 நவம்பரில் 30 நாள் பரோலில் வந்து கொட்டிவாக்கத்தில் தங்கினார். 2022 நவம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் அவரையும் மற்ற ஐவரையும் விடுதலை செய்தது. நளினியும் ரவிச்சந்திரனும் வீட்டுக்குப் போனார்கள். இலங்கையர்களான பயஸ், முருகன், ஜெயக்குமார், சாந்தன் நால்வரும் போனது திருச்சி சிறப்பு முகாமுக்கு. கைதியாக இருந்தபோது கடலோரத்தில் ஒரு மாதம். விடுதலையான பிறகு பூட்டிய முகாம்! அப்போதைய வெளிநாட்டவர் சட்டம் அப்படி.

தாயைப் பார்க்க ஊருக்குப் போகக் காத்திருந்த சாந்தன், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார். பயண ஆவணம் வந்துவிட்டிருந்தது. உடல்தான் யாழ்ப்பாணம் போனது. மற்ற மூவரும் ஏப்ரல் 3-ஆம் தேதி கொழும்புக்கு விமானம் ஏற்றப்பட்டார்கள்.

பரோல் கைதிகளுக்கு மட்டுமானதல்ல: அமெரிக்காவில் விசா இல்லாதவரையும் மனிதாபிமான அடிப்படையில் தற்காலிகமாக உள்ளே விடும் பரோல் ஒன்று 1952 முதல் குடியேற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. அதிபர் மாறினால் அதுவும் ஆட்டம் காண்கிறது என்பதைக் கடந்த ஆண்டுகளில் பார்த்தோம். நம்மிடம் அகதிகளுக்கென்று ஒரு சட்டமே இல்லை.

தமிழக அரசு உடனே செய்யக்கூடியவை மூன்று. விடுப்பு மனுவுக்கு இத்தனை நாளில் பதில் என்று கெடு வைக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரட்டும். தண்டனை முடிந்த வெளிநாட்டவர், ஊர் திரும்பும்வரை காவல் நிலையத்தில் கையெழுத்திட்டுவிட்டு உறவினர் வீட்டில் இருக்க அனுமதிக்கும்படி மத்திய அரசிடம் கேட்கட்டும்.