பழம் பறிக்க அல்ல, காய் பறிக்க

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்கு அழைத்துப் போவது வெறும் பொழுதுபோக்கல்ல. சந்தைக்குப் போகும் மாங்காயை மரத்தில் பழுக்க விடுவதில்லை. முற்றியதும் பறித்து, வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைப்பார்கள். காம்பை ஒட்ட முறித்தால் பால் வடிந்து தோலைக் கருக்கும். அதனால் ஓரளவு காம்போடு பறித்து, கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுவார்கள். வலை கட்டிய தொரட்டியால் ஒரு காயைக் கீழே விழாமல் இறக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு, பழுக்கச் சில நாள் பொறுக்க வேண்டும் என்பது பாடமில்லாமலே புரிந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாததால்தானே காயை அவசரமாகப் பழுக்க வைக்கும் கார்பைடு கல் வந்தது! 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்தும், ஒவ்வொரு கோடையிலும் அதிகாரிகள் கிடங்குகளில் சோதனை நடத்த வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் கிளையை முறிப்பார்கள், பிஞ்சைப் பறிப்பார்கள் என்ற தோட்டக்காரரின் அச்சம் நியாயமானது. பல தோப்புகள் பூக்கும்போதே வியாபாரியிடம் குத்தகைக்குப் போய்விடுவதால், காயும் தோட்டக்காரருடையதல்ல. அதற்காக வாசலை அடைக்க வேண்டியதில்லை. குத்தகைக்கு விடாத பத்து மரங்களை ஒதுக்கி, நுழைவுக் கட்டணமும் எடைக்கு விலையும் வாங்கலாம். மாங்கூழ் ஆலை காய்க்கான விலையைக் குறைக்கும் ஆண்டில் அந்தக் காசு கைகொடுக்கும். வெயில்தான் தடையென்றால், காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். மாம்பால் பட்டால் தோல் பொத்துப்போகும். முழுக்கைச் சட்டையை மறக்காதீர்கள்.