விரதம் 48 நாள், நடைக்கு எத்தனை நாள்?

முருகன் துணை.

கிள்ளான் பக்கம் ஒரு சின்னக் கோவில்ல தொண்டு செய்யறவங்க நாங்க. தைப்பூச விரதம் தொடங்கப் போகுது. காப்பு கட்டுறவங்க, பால்குடம் எடுக்கிறவங்க, காவடி எடுக்கிறவங்க, ரதத்தோட நடக்கிறவங்க எல்லாரும் இதைப் படிக்கணும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

எங்க கருத்தை முதல்லயே சொல்லிடுறோம். சைவம் சாப்பிடுறது, தரையில படுக்கிறது, காலையில குளிச்சிட்டு சாமி கும்பிடுறது எல்லாம் விரதத்துல எப்படிச் சேர்ந்ததோ, அதே மாதிரி தினம் நடக்கிறதும் விரதத்துல சேரணும். பூசம் முடிஞ்ச பிறகும் அந்த நடை நிக்கக் கூடாது.

ஏன் இதைச் சொல்றோம்? அந்த ஒரு நாள்ல நம்ம உடம்பு என்ன வேலை செய்யுதுன்னு யோசிச்சுப் பாருங்க. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ ஸ்ரீ மகா மாரியம்மன் கோவில்ல இருந்து வெள்ளி ரதம் ராத்திரி கிளம்புது. பத்துமலைக்கு சுமார் 15 கிலோமீட்டர். பாதி பேரு வெறுங்கால்ல, தார் ரோட்டுல, தூக்கமில்லாம விடிய விடிய நடக்கிறோம். அதுக்கு மேல 272 படி. சமதரையில நடக்கிற மாதிரி இல்லை அது. செங்குத்தா ஏறுது. பூசத்தன்னைக்கு கூட்டத்துல நடுப்படியில நின்னு மூச்சு வாங்கக் கூட இடம் கிடைக்காது. பின்னால வர்றவங்க தள்ளிக்கிட்டே வருவாங்க. 1892ல இருந்து பத்துமலையில பூசம் நடக்குது. நம்ம தாத்தா பாட்டி காலத்துல இருந்து ஏறுற மலைதான். ஆனா அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற.

தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்களுக்கு உடற்பயிற்சின்னு ஒரு வார்த்தை தேவைப்படலை. இருட்டுல எழுந்து, மேடும் பள்ளமுமா மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைத் தூக்கிட்டு ஸ்டோருக்கு வந்தாங்க. பூசத்தன்னைக்கு மலை ஏறுறது அவங்களுக்கு இன்னொரு நாள் வேலை மாதிரிதான். இன்னைக்கு நம்ம நிலைமை என்ன? வீட்டு வாசல்ல காடி ஏறி வேலை இடத்து வாசல்ல இறங்குறோம். நாற்காலியில எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தா பன்னிரண்டு. வர்ற வழியில மாமாக் கடையில ரொட்டி சானாய், தே தாரிக். வருஷம் பூரா இப்படி இருந்துட்டு ஒரே நாள்ல 15 கிலோமீட்டரும் 272 படியும் கேட்டா இருதயம் என்ன செய்யும்?

மாதக்கணக்கா நிறுத்தி வச்ச மெஷினை ஆன் பண்ணின உடனே யாரும் முழு வேகத்துல ஓட்ட மாட்டாங்க. எண்ணெய் போட்டு, மெதுவா சுத்த விட்டு, சத்தம் கேட்டுப் பார்த்து, அப்புறம்தான் வேகத்தைக் கூட்டுவாங்க. பேக்டரியில வேலை செய்யறவங்களுக்கு இது நல்லா தெரியும். மெஷினுக்குக் கொடுக்கிற மரியாதையை நம்ம நெஞ்சுக்குக் கொடுக்க மாட்டேங்கிறோம்.

தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிறப்போ நாங்க வருஷா வருஷம் பார்க்கிறது என்ன தெரியுமா? பெரும்பாலும் வயசான பாட்டிங்க மயங்கி விழறதில்லை. அவங்க மெதுவா, உட்கார்ந்து உட்கார்ந்து, "முருகா முருகா"ன்னு ஏறிடுவாங்க. முகம் வெளுத்து, சட்டை நனைஞ்சு, பேச முடியாம நிக்கிறது நாற்பது, ஐம்பது வயசு ஆம்பளைங்கதான். கேட்டா, "ஒண்ணுமில்லைண்ணே, சாப்பிடலை, அதான்"ம்பாங்க. இன்னும் கொஞ்சம் கேட்டா ரத்தக்கொதிப்பு இருக்கும், மாத்திரை இருக்கும், "விரதம்னு மாத்திரையை நிறுத்திட்டேன்"னு சொல்லுவாங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. மருந்து விரதத்தைக் கெடுக்காது. எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாது.

நம்ம சமுதாயத்துக்கு இது இன்னும் முக்கியம். 2019ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல, 18 வயசுக்கு மேற்பட்ட இந்தியர்கள்ல 31.4 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். மூணு இனத்துலயும் நாமதான் அதிகம். 2023 ஆய்வுல, நாட்டுல உள்ள பெரியவங்கள்ல சுமார் அஞ்சு லட்சம் பேருக்கு இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, கொலஸ்ட்ரால், உடல்பருமன் நாலும் ஒண்ணா இருக்கு. எண்ணிக்கையை விடுங்க. உங்க சொந்தக்காரங்கள்ல ஐம்பது வயசுல நெஞ்சு வலின்னு போனவங்க எத்தனை பேருன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. அதுவே போதும்.

இதைப் பேசும்போது ரெண்டு பதில் எங்களுக்கு வரும்.

"எல்லாம் முருகன் பார்த்துக்குவான்." சரிதான், அவன் பார்த்துக்குவான். ஆனா விரதம்னாலே உடம்பை ஒழுங்குக்குக் கொண்டு வர்றதுதானே? உடம்பு முக்கியமில்லைன்னா எதுக்கு 48 நாள்? ஒரே நாள்ல காவடியைத் தூக்கிட்டுப் போகலாமே. உடம்பைப் பேணிக் காக்கிறதைப் பத்தி திருமூலரே திருமந்திரத்துல பேசியிருக்கார். பக்திக்கும் இதுக்கும் சண்டை இல்லை.

"நாங்கதான் தினம் கோவிலைச் சுத்துறோமே." ரொம்ப நல்லது, விட்டுடாதீங்க. ஆனா மூணு சுத்து எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு ஒரு தடவை கடிகாரத்தைப் பாருங்க. நம்ம சின்னக் கோவில்ல அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அதையே பத்து நிமிஷமா ஆக்குங்க, கொஞ்சம் வேகமா நடங்க. அதுவும் கணக்குல சேரும்.

சரி, எப்படித் தொடங்குறது?

முதல்ல சோதனை. நாற்பது தாண்டினவங்க, இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு இருக்கிறவங்க, புகை பிடிக்கிறவங்க, அப்பாவோ அண்ணனோ சின்ன வயசுல மாரடைப்புல போன குடும்பம், இவங்க எல்லாம் காப்பு கட்டுறதுக்கு முன்னால கிளினிக் போய் "நான் 15 கிலோமீட்டர் நடந்து மலை ஏறப் போறேன்"னு டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க. காசு பிரச்சினைன்னா அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் இருக்கு. அரசாங்க உதவித்தொகை வாங்குற குடும்பத்துல நாற்பது வயசு ஆனவங்களுக்கு பேக்கா பி40 திட்டத்துல இலவசமாவே உடல் பரிசோதனை உண்டு. நிறைய பேருக்கு இது தெரியலை. தெரிஞ்சவங்க பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்க.

அப்புறம் நடை. 48 நாள்னா கிட்டத்தட்ட ஏழு வாரம். முதல் ரெண்டு வாரம் தினம் பத்து நிமிஷம், சமதரையில. அவ்வளவுதான். "பத்து நிமிஷம் பத்துமா"ன்னு கேக்காதீங்க. முதல்ல பழக்கம் உட்காரணும், தூரம் தானா வரும். மூணாவது, நாலாவது வாரம் இருபது நிமிஷம். அஞ்சாவது, ஆறாவது வாரம் முப்பது நிமிஷம், கூடவே ரெண்டு நாளைக்கு ஒரு தடவை படி ஏறிப் பழகுங்க. அடுக்குமாடி வீட்டுப் படி, ரயில் நிலையத்துப் படி எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு மாடியில தொடங்கி மெதுவா கூட்டுங்க. இறங்குறதும் பயிற்சிதான். மறுநாள் முட்டியும் தொடையும் வலிக்கிறது பெரும்பாலும் இறங்குறதாலதான். ரதத்தோட நடக்கிறவங்க ஆறாவது வாரக் கடைசியில ஒரு நீண்ட நடை போய்ப் பாருங்க. ஏழாவது வாரம் குறைச்சுக்கங்க. பூசத்துக்கு முதல் நாள் உடம்பு களைப்பா இருக்கக் கூடாது.

வேகம் எவ்வளவு? அதுக்குக் கையில கடிகாரம், மெஷின் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்துல உள்ளவங்ககூட பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரு வார்த்தை பேசவே மூச்சு வாங்குனா குறைங்க. முருகன் பாட்டை முழுசா பாட முடியுதுன்னா கொஞ்சம் கூட்டுங்க. சில ரத்தக்கொதிப்பு மாத்திரை நாடித்துடிப்பை ஏற விடாது. அவங்களுக்கு நாடியைப் பார்க்கிறதை விட இந்தப் பேச்சுக் கணக்குதான் நம்பகமானது. தொடங்கும்போது அஞ்சு நிமிஷம் மெதுவா, முடிக்கும்போது அஞ்சு நிமிஷம் மெதுவா. திடீர்னு நிக்காதீங்க, தலை சுத்தும்.

கவனிக்க வேண்டியது சிலது இருக்கு.

இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்துல நடக்காதீங்க. சீனி திடீர்னு இறங்கிடும். கை நடுங்குறது, வேர்க்கிறது, கண்ணு இருட்டுறதெல்லாம் அதோட அறிகுறி. பாக்கெட்ல நாலு இனிப்பு மிட்டாய் எப்பவும் இருக்கட்டும். ஒரு வேளை சாப்பாடுன்னு விரதம் இருக்கிறவங்க மருந்து அளவைப் பத்தி முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

பாதம் மரத்துப் போனவங்களுக்கு வெறுங்கால் நடை ஆபத்து. கல்லு குத்தினாலும், தார் சுட்டாலும் தெரியாது. சின்னக் காயம்தான் பின்னால காலை எடுக்கிற அளவுக்குப் போகுது. பயிற்சிக்குச் சப்பாத்து போடுங்க. தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. பூசத்தன்னைக்கும் செருப்போ காலுறையோ போட்டு நடந்தா சாமி கோவிச்சுக்க மாட்டார்.

நம்ம ஊரு வெயில் தெரியும். காலை எட்டு மணிக்குள்ள, இல்லைன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நடங்க. தண்ணி குடிங்க. புகைமூட்ட நாள்ல காற்றுக் குறியீடு 100க்கு மேல போனா வெளியே வேண்டாம், வீட்டுக்குள்ளயே நடங்க. காய்ச்சல் இருக்கிற அன்னைக்கும் நடக்க வேண்டாம்.

எப்போ உடனே நிறுத்தணும்? நெஞ்சுல அழுத்தம், வலி கை, தாடை, முதுகுக்குப் பரவுறது, குளிர்ந்த வேர்வை, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இதுல எது வந்தாலும் நிறுத்தி உட்காருங்க. 999க்குக் கூப்பிடுங்க. "காத்துப் பிடிச்சிருக்கு"ன்னு ஓமம் தின்னுட்டுப் படுக்காதீங்க. இனிப்புநீர் உள்ளவங்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். சோர்வும் குமட்டலும் மட்டும்தான் இருக்கும். வேண்டுதலை அடுத்த வருஷமும் நிறைவேத்தலாம், நீங்க இருந்தா.

பூசம் முடிஞ்ச பிறகு என்ன நடக்குது? காப்பைக் கழட்டுற அன்னைக்கே சப்பாத்தையும் கழட்டிடுறோம். ரெண்டு மூணு வாரம் சும்மா இருந்தாலே சேர்த்து வச்ச தெம்பு குறைய ஆரம்பிச்சிடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம். அதாவது தினம் 30 நிமிஷம், வாரம் அஞ்சு நாள். விரதத்தோட ஆறாவது வாரத்துலயே நீங்க அந்த அளவுக்கு வந்துட்டீங்க! புதுசா எதுவும் செய்ய வேண்டாம், விடாம இருந்தா போதும். நடுவுல ரெண்டு வாரம் விட்டுப் போச்சுன்னா "போச்சு"ன்னு உட்காராதீங்க. மறுபடியும் பத்து நிமிஷத்துல இருந்து தொடங்குங்க.

பழக்கம் நிக்கணும்னா அதை ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தோட முடிச்சுப் போடணும். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வர்றீங்க. காடியை வாசல்ல நிறுத்தாம பத்து நிமிஷம் தள்ளி நிறுத்துங்க. பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிறவங்களுக்குத் தாசிக் பெர்டானா தோட்டம் பக்கத்துலயே இருக்கு. கிள்ளான்ல லாரி ஓடுற ரோட்டுல நடக்க முடியாதுன்னு சொல்றது நியாயம்தான். தாமான் பாடாங்கைச் சுத்துங்க, மழை நாள்ல பேரங்காடிக்குள்ள நடங்க. நம்ம அக்கா, அத்தைங்க தனியா இருட்டுல போக பயப்படுறாங்க, அதுவும் நியாயம். நாலு பேரு சேருங்க. ஒருத்தர் வரலைன்னா மத்த மூணு பேரு போன் அடிப்பாங்க. அந்த போனுக்காகவாவது எழுந்து வருவோம்.

கடைசியா, கோவில் நிர்வாகங்களுக்கு எங்க கோரிக்கை. அன்னதானத்துக்கு இவ்வளவு செலவு செய்யறோம். ரத்தக்கொதிப்பு பார்க்கிற மெஷின் ஒண்ணு அதுல பெரிய காசு இல்லை. வெள்ளிக்கிழமை மண்டபத்துல ஒரு மேசை போட்டு வைக்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில கோவில்ல இருந்து கிளம்பி, நடந்து, திரும்ப வந்து காலைப் பூஜையில முடிகிற மாதிரி ஒரு நடைக்குழு தொடங்கலாம். வந்தவங்களுக்குப் பசியாற எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலா சுண்டல் கொடுக்கலாம். தொண்டர்கள்ல நாலு பேராவது நெஞ்சை அழுத்தி உயிர் காக்கிற முதலுதவியைப் படிச்சு வச்சுக்கணும். இளைஞர்களைக் கோவிலுக்கு வரவழைக்க வழி தேடுறோமே, இதுவும் ஒரு வழிதான்.

முருகன் மலை மேல இருக்கிறது நம்மை ஏற வைக்கத்தான்னு நாங்க நினைக்கிறோம். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏறினா போதும்னு அவன் சொல்லலையே.

உங்க கோவில்ல நடைக்குழு ஏற்கெனவே இருந்தா கீழே சொல்லுங்க, மத்தவங்களுக்கு உதவியா இருக்கும். காவடி எடுக்கிற ஒருத்தருக்காவது இதைப் பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏