செய்தி மடலா, சீமான்களின் அழைப்பிதழா?

இப்போது எங்கு பார்த்தாலும் "ஸ்டார்ட்அப்" என்கின்ற பேச்சே அடிபடுகின்றது. 2016-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி மத்திய அரசாங்கம் "ஸ்டார்ட்அப் இந்தியா" என்னும் திட்டத்தைத் துவக்கியது. தமிழ்நாட்டு அரசாங்கமும் இதற்கென ஓர் இயக்கம் ஏற்படுத்தி, "புத்தொழில்" என்று தமிழ்ப் பெயரும் வைத்து, மதுரை, திருநெல்வேலி, ஈரோடு முதலிய ஊர்களில் வட்டார மையங்களும் அமைத்தது. இதன் பயனாய்க் கூட்டங்களும், வகுப்புகளும், போட்டிகளும், மாநாடுகளும் பெருகிவிட்டன. எது எங்கே நடக்கின்றது என்று தெரிவிக்கச் செய்தி மடல்களும் கிளம்பியிருக்கின்றன. இது சந்தோஷப்பட வேண்டிய சங்கதியே.

ஆனால் அம்மடல்கள் சிலவற்றைப் பார்த்தால் நமக்கு வயிற்றெரிச்சல்தான் உண்டாகின்றது. நட்சத்திர ஓட்டலில் நடக்கும் கூட்டத்துக்கு முதலிடம்! மேடையில் உட்காரப் போகும் பெரிய மனிதர்களின் படமென்ன, பட்டமென்ன, பதவியென்ன! அதே ஊரில் அதே சனிக்கிழமையன்று, ஜி.எஸ்.டி. பதிவு செய்வது எப்படி, தின்பண்டம் செய்து விற்க லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று தமிழில் இலவசமாய்ச் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஏனென்றால், "அதில் பெரிய ஆள் யாரும் பேசவில்லையே" என்கின்றார்கள். மடல் படிப்பவன் தொழில் செய்ய வந்தானா, அல்லது பெரிய ஆளைத் தரிசிக்க வந்தானா?

"எல்லாவற்றையும் போட இடமேது? நீளமாய்ப் போட்டால் யார் படிப்பார்கள்?" என்று கேட்கலாம். வாஸ்தவம். எல்லாவற்றையும் போடச் சொல்லி நாம் கேட்கவில்லை. பொறுக்கித்தான் ஆக வேண்டும். எந்த அளவுகோலைக் கொண்டு பொறுக்குவது என்பதே நம் கேள்வி.

2025-ம் வருஷம் அக்டோபர் 9, 10 தேதிகளில் கோவையில் உலகப் புத்தொழில் மாநாடு நடந்தது. முதன் மந்திரியே துவக்கி வைக்கும் மாநாட்டுக்குத் தினசரிகள் இருக்கின்றன, டெலிவிஷன் இருக்கின்றது. மடல் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். அதற்கு ஒரு வரி போதும். ஆனால் இருபது பேர் கூடும் வகுப்புக்கு இந்த மடலைத் தவிர வேறு வாய் ஏது?

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆதிதிராவிடர், பழங்குடி மக்கள் நடத்தும் புத்தொழில்களுக்கென்று 30 கோடி ரூபாயில் ஒரு நிதி ஒதுக்கியது. இப்படிப்பட்ட நிதிக்கு விண்ணப்பம் போடும் விதத்தை விளக்க ஒரு கூட்டம் நடந்து, அச்செய்தி உரியவர் காதில் விழாமற் போனால் என்ன ஆகும்? பணம் கஜானாவில் கிடக்கும்; ஆள் தெருவில் நிற்பான். பிறகு, "இவர்களுக்கு முயற்சி போதாது" என்று பழியும் அவன் தலையிலேயே விழும். கதவு இருப்பதைச் சொல்லாமல் மறைப்பதற்கும், கதவைச் சாத்துவதற்கும் என்ன வித்தியாசம்?

"பெரியவர்களோடு பழக்கம் ஏற்பட்டால்தானே முதல் கிடைக்கும்?" என்பார்கள். சரி. புதியவன் எழுந்து ஐந்து நிமிஷம் தன் தொழிலைச் சொல்ல, முதலாளி உட்கார்ந்து கேட்கும் கூட்டமானால் அதையே முதலில் போடுங்கள். கீழே உட்கார்ந்து கை தட்டி, படம் பிடித்துக் கொண்டு திரும்பும் கூட்டத்தால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே, மடல் நடத்தும் தோழர்களே! ஒரு நிகழ்ச்சியைப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு? எந்தப் பாஷையில் பேச்சு? பேசுகிறவர் தொழில் செய்து லாப நஷ்டம் கண்டவரா, பேச்சையே தொழிலாய்க் கொண்டவரா? கூட்டம் முடியும் நேரத்தில் வெளியூர்ப் பெண்ணுக்கு வீடு திரும்பப் பஸ் உண்டா? வந்தவர் எதைக் கற்றுக்கொண்டு போவார்? இவற்றுக்கான பதிலை நிகழ்ச்சியின் பெயருக்குக் கீழேயே அச்சிடுங்கள். காசு வாங்கிப் போட்டதானால், தாட்சண்யமின்றி "விளம்பரம்" என்று தலையில் போடுங்கள். பொறுக்கும் விதி இன்னதென்பதையும் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள். தவறானால் படிப்பவர் கேட்கட்டும்.

ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் சார்ஜ் கொடுத்து, உங்கள் ஒரு வரியை நம்பி வருகின்றவன் இருக்கின்றான். அவன் வெறுங்கையோடு திரும்பினால், அந்தக் கூலியை யார் கொடுப்பது?