காத்தாடி மழையைத் துரத்துகிறதா?



ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் போனால் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகின்றன. கூடவே அந்தப் பக்கத்துச் சம்சாரிகளின் பழைய வருத்தமும் காதில் விழும்: “காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சு. மேகத்தை அது கலைச்சு விட்டுருது.”

மழை விஷயத்தில் காத்தாடி மீது பழி போட முடியாது. தென்மேற்குப் பருவத்தின் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. மலையிடைக் கணவாய் வழியே கிழக்கே பாய்வது ஈரம் வடிந்த காற்று. அதன் வேகத்தைப் பார்த்துத்தான் அங்கே காற்றாலை நிறுத்தினார்கள். ஆக, காற்று மிகுந்த ஆனி, ஆடியில் மழை குறைவது அந்த மண்ணின் பழைய இயல்பு. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது இறக்கைகளுக்கு அவ்வளவாக வேலை இல்லை.

ஆனால் தரையை ஒட்டிய காற்றின் கதை வேறு. இரவில் நிலம் குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கிறது. சுழலும் இறக்கைகள் இரண்டையும் கலக்க, கீழே வெப்பம் கூடுகிறது. கலிபோர்னியாவின் சான் கோர்கோனியோவும் ஒரு கணவாய்தான். அங்கே 1989இல் எடுத்த அளவுகளின்படி, காற்றாலைகளைத் தாண்டிய பக்கத்தில் இரவு வெப்பமும் பகல் குளிர்ச்சியும் கூடியிருந்தன. டெக்சாஸின் காற்றாலைப் பகுதிகளில் 2003 முதல் 2011 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளிலும் இரவு வெப்பம் தெரிந்தது. இது புதிதாகப் பிறந்த வெப்பமல்ல. மேலிருந்து கீழே வந்தது.

பயிருக்கு இதில் நன்மையும் உண்டு, நட்டமும் உண்டு. இப்படிக் காற்று கலந்து இலையில் படியும் பனி ஈரம் குறைந்தால், பூஞ்சண நோய் குறையலாம். இரவு வெப்பம் கூடினால், பகலில் சேர்த்த சத்தைப் பயிர் சுவாசத்திலேயே கூடுதலாகச் செலவழிக்கும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2010 முதல் மக்காச்சோள வயல்களில் கருவிகளை நட்டு, பயிரைச் சூழ்ந்த காற்றும் வெப்பமும் காற்றாலையால் எப்படி மாறுகின்றன என்று அளந்தார்கள்.

10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவிய தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்ட அளவீடு ஊர் ஊராக நடக்க வேண்டும். முடிவு சம்சாரியின் கைக்கு வர வேண்டும். மேகத்தைப் பற்றிய அவர் சந்தேகம் தவறாகலாம். தன் வயலில் என்ன மாறுகிறது என்று கேட்பது அவர் உரிமை.

காற்றாலைக்குப் பக்கத்தில் பயிர் செய்பவர்கள், காலைப் பனி, பாசன இடைவெளி, பூச்சி, நோய் ஆகியவற்றில் கண்டதை எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்